மொட்டைமாடி என்ற பெயரில் ஒருவர்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் நலத்தை ஞாயிறுதோறும் போனில் நீயே சொல்லிவிடுவதால், கேட்டதாகவே வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீ இப்போது எழுதும் புதிய சமூக வலையில் தனிச்செய்தி அனுப்பினால், சர்வரை நடத்துபவர் நினைத்தால் அதைப் படிக்க முடியும் என்று விதிமுறைகளின் பத்தாவது பத்தியில் போட்டிருக்கிறது. தபால்காரர் இதுவரை நம் வீட்டுக் கடிதங்களில் எந்த அக்கறையும் காட்டியதில்லை. நான் சொல்லவந்ததை விட்டு வேறெங்கோ போய்விடுகிறவன் என்பது உனக்குத் தெரியும். ஆகையால் முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. நலம் (மேலே முடிந்தது).
2. சாதாரண மக்கள் உன் வலைக்கு வருவார்களா? வரமாட்டார்கள்.
3. பெரியப்பா, அத்தை விவகாரம். அதில் என் பிழை.
4. அம்மாவுக்காக உன்னிடம் ஒரு வேண்டுகோள்.
5. அறிவுரை, தைரியம் மிச்சமிருந்தால்.

இரண்டாவதற்கு வருகிறேன். எல்லாருடைய பேச்சும் ஒரே முதலாளி கையில் இருப்பது சரியில்லை, இனி என் எழுத்தும் படமும் அங்கே வராது, பார்க்க வேண்டுமென்றால் இங்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டு ஆறு மாதத்துக்கு முன் நீ பழைய வலைத்தளத்தைப் பூட்டிக்கொண்டு போனாய். கொள்கையில் எனக்கு மறுப்பில்லை. முப்பத்து மூன்று வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவனுக்கு, ஊருக்கு ஊர் தனித்தனி எக்ஸ்சேஞ்ச், ஆனால் ஒன்றோடொன்று பேசும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. உன் வலையில் எக்ஸ்சேஞ்சுக்குப் பதில் சர்வர், ஒவ்வொன்றையும் ஒருவர் நடத்துகிறார். ஆனால் எங்களிடம் போன் கேட்டு வந்தவரிடம், நீங்கள் எந்த எக்ஸ்சேஞ்சில் சேர விரும்புகிறீர்கள், அதன் கொள்கை உங்களுக்கு உடன்பாடா என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர் கடிதமே போதும் என்று திரும்பியிருப்பார்கள். உன் வலையின் வாசலில் அதைத்தான் கேட்கிறார்கள். நான் நாற்பத்தொரு சர்வர்களை எடுத்துக்கொண்டு விதிகள் எத்தனை, நடத்துபவர் யார், எத்தனை முறை படுத்துவிட்டது என்று அட்டவணை போட்டேன். ஆறு வாரம் ஆயிற்று. தாள்கள் உன் கட்டில் முழுக்கப் பரவிக் கிடந்தன. அதற்குள் பட்டியலில் முதலிடம் பெற்ற சர்வரை நடத்தியவர், பரீட்சை வருகிறது என்று அறிவித்துவிட்டு மூடிவிட்டார். ஆகையால் நான் இன்றுவரை எதிலும் சேரவில்லை. நம் பல் டாக்டரையும் அழைத்துப் பார்த்தேன். "அங்க யாரு சார் இருக்கா?" என்றார். இப்போது யாரும் இல்லை, நீங்கள் வந்தால் இருப்பார்கள் என்றேன். "வாய நல்லாத் திறங்க" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார். என் முடிவு இது: சாதாரண மனிதருக்கு ஏற்கெனவே கூட்டமாக இருக்கும் இடம் வேண்டும், ஒரே கதவு வேண்டும், வாசலில் கேள்வி கூடாது. இந்த மூன்றும் உன் வலையில் இல்லை. என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

மூன்றாவது. முக்கியமான இரண்டு லைன்களை ஒரே கேபிளில் விடக்கூடாது என்பது எங்கள் எக்ஸ்சேஞ்ச் பழக்கம். ஒன்று அறுந்தால் இன்னொன்று பிழைக்கும். அதே யோசனையில், பெரியப்பாவை ஒரு சர்வரிலும் அத்தையை வேறொன்றிலும் சேர்த்தேன். அண்ணனுக்கு முப்பத்திரண்டு விதிகள் உள்ள சர்வர், அவருக்கு விதி என்றால் உயிர். தங்கைக்கு, மரியாதையாக இருங்கள் என்ற ஒரே விதி உள்ள சர்வர், அதற்கு மேல் அவள் படிக்கமாட்டாள். ஏழு வருடம் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த இருவரும் போன வருடம் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் சமாதானம் ஆனார்கள் என்பது உனக்குத் தெரியும். மூன்று வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு அந்த இரண்டு சர்வர்களை நடத்துபவர்களுக்குள் ஏதோ சண்டை. என்ன சண்டை என்று எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை. இரண்டு சர்வர்களுக்கும் இடையே இருந்த தொடர்பை வெட்டிவிட்டார்கள், இங்கே போடுவது அங்கே தெரியாது. அத்தை போனில் பிடித்துக்கொண்டாள். "பாத்தியாண்ணா பெரியண்ணன் புத்திய! கால் தேறி குச்சி இல்லாம நான் நடக்கிற படம் போட்டு நாலு நாளாச்சு, ஒரு வார்த்தை இல்ல. ஏழு வருஷத்து ருசி லேசுல விடுமா?" அண்ணனிடம் ஓடினேன். "அவதான்டா என்னைத் தூக்கிட்டா. தேடினா ஆளே இல்லேங்குது" என்று அவர் உர்ரென்று இருந்தார். சண்டை உங்களுடையதல்ல, சர்வர்காரர்களுடையது என்று படம் வரைந்து விளக்கினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்க சண்டைய நாங்களே போட்டுக்க மாட்டோமா? அதுக்கும் ஆள் வெச்சுட்டியாடா?" என்றார். இப்போது இருவரும் தினமும் காலையில் போனில் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு முழுக்க என்னைத் திட்டுவதுதான். ஒற்றுமைக்கு என் பங்களிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காவது. உன்னிடம் கேட்க நினைத்தது இது: கொள்கையைக் கொஞ்ச நேரம் அந்தப்பக்கம் திரும்பியிருக்கச் சொல்லிவிட்டு, பழைய இடத்தில் வாரம் ஒரு படம் அம்மாவுக்காகப் போடு. அவள் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாததால் ஏங்குகிறாள் என்று நானே முடிவு செய்திருந்தேன். அவள் பெயரில் கேட்பதால் அவளிடம் ஒரு வார்த்தை சொல்வது முறை என்று இதுவரை எழுதியதைச் சமையலறைக்கு எடுத்துப்போய்ப் படித்துக்காட்டினேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள், "அதெல்லாம் எழுதாதீங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை நீட்டினாள். அவள் உன் வலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறதாம். எந்த சர்வர் என்றேன். "என்னமோ ஒண்ணு. மொதல்ல வந்ததை அழுத்தினேன்." எவ்வளவு நேரம் ஆயிற்று என்றேன். "பால் பொங்கறதுக்குள்ள." என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கட்டில்ல தாளைப் பரப்பிக்கிட்டு சந்தோஷமா இருந்தீங்க, கெடுப்பானேன்?"

அங்கே அவள் வேறு ஆள், அந்த ஆளை உனக்கும் தெரியும். முகத்துக்குப் பதில் துணி கிளிப் படம் வைத்துக்கொண்டு, மொட்டைமாடி என்ற பெயரில், தினமும் துணிக்கொடிக்கு மேலே ஒரு மேகம் போடுகிறவர். நீகூட ஒருமுறை, உங்கள் மாடியைப் பார்த்தால் எங்கள் வீட்டு ஞாபகம் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அவள் பின்தொடர்வது உலகத்தில் ஒரே ஒருவரைத்தான். அதனால் நீ இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டதும், சமையலறைத் தொட்டியோரம் நின்றபடியே சாப்பிடுவதும், வேறு வேலைக்கு எழுதிப்போட்ட இடங்களிலிருந்து பதில் வராததும் அவளுக்குத் தெரியும். எனக்கு இன்று காலை தெரிந்தது. ஞாயிறுதோறும் நீ "ஆபீஸ் நல்லா போகுதுப்பா" என்று சொல்லும்போது அவள் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாள். "தெரிஞ்சதாக் காட்டினா அங்கயும் எழுதறத நிறுத்திடுவா. எங்கயாவது சொல்லிக்கட்டும், சும்மா இருங்க" என்கிறாள்.

அவள் சொல்வதே சரியாக இருக்கும். ஆனாலும் சும்மா இருக்க முடியாமல் எழுதிவிட்டேன். ஐந்தாவதற்கு என்னிடம் அறிவுரை ஒன்றும் இல்லை. உன் கட்டிலிலிருந்த தாள்களையெல்லாம் எடுத்துக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். வா என்று சொல்லவில்லை, கட்டில் காலியாக இருக்கிறது என்று தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். உட்கார்ந்து சாப்பிடு. உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும், இருவர் ஆசியும் என்றும் உண்டு. ஒன்று மட்டும் மறவாதே: இந்தக் கடிதம் கிடைத்தபின்னும், மொட்டைமாடிக்கு, முன்பின் தெரியாத ஆளுக்குப் போடுவதுபோலவே பதில் போடு. நான் எழுதினேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இரண்டாவதில் எழுதியது தவறு. மையில் எழுதியதால் அழிக்க முடியவில்லை. ஒரு சாதாரண மனுஷி வந்திருக்கிறாள், விதி ஒன்றையும் படிக்காமல். நீ அங்கே இருந்தாய், வந்துவிட்டாள்.

இப்படிக்கு,
அட்டவணை போட்டும் கணக்குத் தப்பிய
உன் அப்பா