பலகை இல்லாத வாசல்

உங்களுக்கு,

மிச்சமிருந்த புத்தகங்களையும் நேற்று எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். நல்லது, எனக்குத் தூசி தட்டும் வேலை குறைந்தது.

ஆய்வகத்தில் நான் என்னதான் செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றாவது அலுத்துக்கொள்ளாமல் கேளுங்கள். கைகால்களை அசைக்கச் சிறுமூளை அனுப்பும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு நகல், நரம்பிழை வழியாக அதற்கே திரும்பி வருகிறது. நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்றால் தன்னைத் திருத்திக்கொள்ளும். எதிலும் இடிக்காதவரை பழையபடியேதான் செய்யும்.

பாப்பா தவழ்ந்து அடுப்பருகே போய்விடுவாள் என்று சமையலறை வாசலில் குறுக்கே ஒரு பலகை அடித்தீர்களே. ஆஸ்பத்திரியிலிருந்து நாம் இருவர் மட்டும் திரும்பிய அன்றே அதைப் பிடுங்கி எறிந்தீர்கள். அந்த இடத்தில் நான் இன்னும் காலைத் தூக்கித்தான் வைக்கிறேன். தூக்கிய கால் எதிலும் இடிப்பதில்லை. பிறகு எப்படித் திருந்தும்?

"நான் எல்லாத்தையும் மறந்துட்டேன். நீயும் மறந்துடு" என்று நேற்று சொன்னீர்கள். சொல்லிக்கொண்டே தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனீர்கள்.

வாசலில், முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கி வைத்துத்தான் உள்ளே போனீர்கள்.

இன்னும்
அவளுடைய அம்மா