அவருடைய கணக்கில் என் ஊர்

2025 மே 19, திங்கள்

பஸ்ஸில் இன்றைக்கும் வலது பக்க யன்னல் சீற் கிடைத்தது. காலையில் அந்தப் பக்கம் வெயில் விழாது, திரை நன்றாகத் தெரியும். நெல்லியடியில் ஏறி மெஷினை எடுத்தால் யாழ்ப்பாணம் வரும்வரை தலை நிமிரத் தேவையில்லை. கொண்டக்டர் ரிக்கற் தரும்போது குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, உது ட்ரோன் விடுற சாமானோ?"

"இல்லை அண்ணை. சின்னக் கொம்பியூட்டர். கேம் விளையாடுறது."

"பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"இருபத்தொம்பது. எனக்குத்தான்."

மனுசன் மிச்சக் காசையும் தர மறந்து போய்விட்டார்.

கஜீபன் ரொறன்ரோவிலிருந்து அனுப்பியது. சித்திரையில் சாதகம் பார்த்துக் கலியாணத்தை முற்றாக்கிய கையோடு, "உமக்கு என்ன விருப்பம்?" என்று போனில் கேட்டார். எல்லாப் பெண்களும் போன் என்று சொல்லும் இடத்தில் நான் கொம்பியூட்டர் கேம் என்றேன். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா தலையில் கை வைத்தார். கஜீபன் சிரிக்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. மூன்றாம் கிழமை பார்சல் வந்தது. தன்னுடைய கணக்கில் வைத்திருந்த விளையாட்டுகள் எல்லாவற்றையும் அதில் போட்டு, அதே கணக்கைத் திறந்துவிட்டு அனுப்பியிருந்தார். அன்றைக்குத்தான் ஆளை எனக்குப் பிடித்தது. அதற்கு முன் பிடித்தது படத்தை மட்டும்.

மே 23, வெள்ளி

யாழ்ப்பாணத்தில் வீட்டுப்படம் கீறும் எங்கள் கந்தோருக்குப் போய் அரை மணித்தியாலத்தில் கரண்ட் நின்றுவிட்டது. மாடிப்படியின் படம் கேட்டு மேசன் வாசலில் நிற்கிறார். எமில்ராஜ் சேர், "கரண்ட் வந்தாப் பிறகு பாப்பம் பிள்ளை" என்று கதிரையில் சாய்ந்துவிட்டார். நான் மெஷினை எடுத்து மவுஸையும் கீபோர்டையும் கொழுவி, பென் டிரைவில் இருந்த படத்தைத் திறந்து முடித்தேன். மேசனின் போனுக்கே அனுப்பினேன். "விளையாட்டுச் சாமானிலை கீறின படியிலை ஆக்கள் ஏறுவினமோ?" என்றார் சேர். ஏறுவார்கள். அளவு எல்லாம் சரி.

ஜூன் 1, ஞாயிறு

ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றில் விழுந்துவிட்டேன். வறண்ட நிலம் ஒன்று தருவார்கள். ஆறு இல்லை, குளம் இல்லை. கிணறு வெட்டித் தண்ணீர் கண்ட இடத்தில்தான் சனம் குடியேறும். கிணறுகள் நேர்கோட்டிலா கிடக்கும்? அதனால் என் தெருக்களும் ஒழுங்கைகளும் வளைந்து வளைந்துதான் போகின்றன. பார்ப்பவருக்குக் குழப்பம். எனக்கு ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் தெரியும். இன்றைக்கு நாற்பதாவது கிணறு. ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகவில்லை.

நாள் முழுக்க மற்றவர்களின் வீட்டுக்குப் படம் கீறுகிறேன். குளியலறையை அங்கே தள்ளு, வாசலை இங்கே வை என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த ஊரில் எனக்கு ஒருவரும் சொல்வதில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கோபமாக இருக்கிறது. எழுதினால் ஆறும் என்று எழுதுகிறேன்.

கமலாவதி மாமி - கஜீபனின் அம்மா - கொக்குவிலிலிருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தார். "பிள்ளை நேற்று ஆறு மணித்தியாலம் விளையாடினவவாம். கண்ணுக்குக் கூடாதெல்லோ. சமையல் பழகவேண்டிய நேரமெல்லோ." அம்மாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

ஆறு மணித்தியாலமாம்! அதில் இரண்டு மணித்தியாலம் மெஷினை நிற்பாட்டாமல் வைத்துவிட்டு அப்பாவோடு வெங்காயம் பிடுங்கினேன். அதை மாமிக்கு யார் சொல்வது? அதுசரி, மாமிக்கு என்னுடைய மணித்தியாலம் எப்படித் தெரிந்தது? யோசிக்கத் தேவையில்லை. கணக்கு மகனுடையது. மகன் பார்க்கிறார், தாய்க்குச் சொல்கிறார்.

ஜூன் 16, திங்கள்

கேட்டேன்.

"அம்மா சும்மா கேட்டவ, நானும் சும்மா சொன்னனான்" என்றார் கஜீபன்.

"எனக்கெண்டு ஒரு கணக்குத் திறக்கட்டோ?"

"கலியாணம் கட்டினாப் பிறகு எல்லாம் ஒண்டுதானே சுபா. இப்ப என்னத்துக்குத் தனிக் கணக்கு? என்னிலை நம்பிக்கை இல்லையோ?"

நான் "சரி" என்றேன். ஏன் சரி என்றேன்? கந்தோரில் எமில்ராஜ் சேருக்கே சரி சொல்லாத நான்.

மெஷினை இணையத்திலிருந்து கழற்றிவிட்டேன். இணைக்காவிட்டால் மணித்தியாலம் அவருக்குத் தெரியாது. ஊர் மெஷினுக்குள் இருக்கிறது, அது போதும்.

ஜூன் 28, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் கஜீபனிடமிருந்து வட்ஸ்அப்பில் படம் வந்தது. என் ஊர். என் ஊர்தான், ஆனால் இல்லை. ஒழுங்கை ஒன்றும் இல்லை. சதுரம் சதுரமாக நேர் றோட்டு. கீழே எழுதியிருந்தார்: "உம்முடைய ஊரைச் சரிப்படுத்தி வைச்சிருக்கிறன். எப்பிடி?" புதுக் கொம்பியூட்டர் வாங்கினாராம். கணக்கைத் திறந்தால் என் ஊர் பழைய நிலையில் இணையத்தில் கிடந்ததாம். பாவம், பிள்ளைக்கு றோட்டுப் போடத் தெரியவில்லை என்று இரண்டு நாள் இருந்து திருத்தினாராம்.

றோட்டை நேராக்க என்ரை கிணத்தையெல்லோ தூர்த்துப்போட்டார்! எண்ணினேன். பதினாலு கிணறு. சனம் தண்ணியில்லாமல் வெளிக்கிட்டுப் போகுது, அது படத்திலையே தெரியுது. அதைப் பார்க்காமல் "எப்பிடி?" எண்டு கேக்கிறார்.

மெஷினை இணையத்தில் கொழுவினேன். கேள்வி வந்தது: இந்தக் கருவியில் இருப்பதை வைத்திருக்கவா, இணையத்தில் இருப்பதை வைத்திருக்கவா? ஒன்றை வைத்தால் மற்றது முழுவதும் அழியும். சம்மதமா?

நூறு தரம் சம்மதம். கருவியில் இருப்பது என்று அழுத்தினேன். என் ஒழுங்கைகள் திரும்பி வந்தன. நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

பஸ்ஸில் அவருடைய குரல் பதிவைக் கேட்டேன். ஒரு நிமிடம்கூட இல்லை.

"சுபா, என்ரை ஊரும் போயிட்டுது. போன கிழமைதான் பழைய கொம்பியூட்டரிலையிருந்து அதையும் இணையத்திலை ஏத்தினனான். பழையதை அழிச்சு ஒராளுக்குக் குடுத்திட்டன். ஏழு வருசம். சரி. வைக்கிறன்."

மற்றது *முழுவதும்* அழியும். வாசித்தேன், விளங்கியது, அழுத்தினேன். அந்த முழுவதற்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்கவில்லை. அவரிடம் ஒரு ஊர் இருந்ததே எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

போன் இல்லை. நானும் எடுக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா பொறுமையிழந்துவிட்டார்.

"மாப்பிள்ளை ஏன் எடுக்கிறேல்லை? நீ ஏதும் வாய் காட்டினியோ?"

"வாய் காட்டேல்லை. அவரின்ரை ஊரை அழிச்சுப்போட்டன்."

"எந்த ஊரை? கொக்குவிலையோ?"

ஆதியோடந்தமாகச் சொன்னேன். அம்மா உரித்துக்கொண்டிருந்த பயற்றங்காயை வைத்துவிட்டுக் கேட்டார். "ஏழு வருசமோ? பாவம் பெடியன்" என்றார். காயைத் திரும்பக் கையில் எடுத்து, "அவர் என்னத்துக்கு உன்ரையைத் தொட்டவர்?" என்றார். பிறகு என்னையே ஏசினார். ஆவணியில் அவர் வந்து கலியாண எழுத்தை முடித்துப் பதிந்தால்தான் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். மண்டபத்துக்கு அப்பா சொல்லிவைத்துவிட்டார். சொந்தம் முழுக்கத் தெரியும். இனி ஏதும் பிசகினால் என்ன செய்வது என்று அழுதார்.

எனக்குச் சொந்தத்தைப் பற்றிப் பயமில்லை. அவரைப் பிடிக்கும். அதுதான் கஷ்டம். பிடிக்காத ஆள் என்றால் இன்றைக்கே முடித்திருப்பேன்.

ஜூலை 8, செவ்வாய்

மத்தியானம் மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதி, கந்தோரில் பக்கத்து மேசைச் சாருஜாவிடம் காட்டினேன்.

"எடி, இதிலை மூண்டு 'ஆனால்' கிடக்கு. நீ மன்னிப்புக் கேக்கிறியோ, வழக்குப் பேசிறியோ?"

"அவர் செய்தது பிழையில்லையோ?"

"பிழைதான். அதை வேறை நாளிலை சொல்லு. ரெண்டையும் ஒண்டாய்க் குழைச்சால் ஒண்டும் ஏறாது."

சண்டைக்கு வந்தேன். பிறகு மூன்றையும் வெட்டினேன். மிஞ்சியது நாலு வரி. உங்களுடைய ஊரை நான்தான் அழித்தேன். எச்சரிக்கையை வாசித்துவிட்டே அழித்தேன். அதற்குள் உங்களுடையது இருக்கும் என்று யோசிக்கவில்லை. மன்னியுங்கோ.

என் வாழ்க்கையில் நான் எழுதிய கஷ்டமான நாலு வரி. அனுப்பிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

கஜீபன் போன் எடுத்தார். கோபம் இல்லையாம், என்ன கதைப்பது என்று தெரியாமல் இருந்தாராம்.

"கனடாவுக்குப் போன புதிசிலை வேலை செய்ய அனுமதி இல்லை. நிலக்கீழ் அறை. வெளியிலை பனி. ஒருத்தரோடையும் கதைக்க மனம் வராது. அப்ப துவங்கினது" என்றார். முதலில் ஒரு பாலம் கட்டினாராம். பாலத்துக்குக் கீழே தண்ணீர் இல்லையாம், பாலம் கட்ட ஆசையாக இருந்ததால் கட்டினாராம். ஒவ்வொரு இடமாகச் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தேன். கிணறு என்ற வார்த்தையை வாயில் எடுக்கவே இல்லை. வைக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்கு நான் எடுத்தேன். இன்றைக்கு என்னுடைய முறை.

"நான் தனிக் கணக்குத் திறந்திட்டன். அந்த விளையாட்டை என்ரை பேரிலை வாங்கி, என்ரை ஊரை அதுக்கு மாத்தியும் போட்டன். உங்களைக் கேக்கேல்லை, சொல்லுறன்."

நிற்பாட்டாமல் மற்றதையும் சொன்னேன்.

"நான் எத்தினை மணி விளையாடினன், எங்கை போனன் எண்டு கொக்குவிலுக்குப் போகக் கூடாது. என்ரை ஊரிலை ஒரு கல்லை அசைக்கிறதெண்டாலும் என்னைக் கேக்கவேணும். அன்பிலை செய்தாலும் கேக்கவேணும். இது ஏலாதெண்டால் ஆவணி எழுத்து வேண்டாம். உங்களிலை எனக்கு வெறுப்பில்லை."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார்.

யோசிக்கட்டும். நான் யோசித்து முடித்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

தினமும் கதைக்கிறார். சாப்பாடு, வேலை, மழை. அந்தக் கதைக்கு மட்டும் மறுமொழி இல்லை. "வந்து சொல்லுறன்" என்கிறார். சாருஜா, நழுவுகிறார் என்கிறாள். இருக்கலாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொக்குவிலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா, அம்மா, நான். விறாந்தையில் மாமி, மாமியின் இரண்டு தங்கைச்சிமார், அயலட்டையில் நாலு பேர். நேரில் அவர் படத்தைவிட மெலிவு. என்னைப் பார்த்ததும் எழும்பி நின்றுவிட்டு, ஏன் எழும்பினோம் என்று தெரியாமல் திரும்ப இருந்தார்.

மாமி எனக்கு வடை தந்துகொண்டே, எல்லோருக்கும் கேட்கத்தான் கேட்டார். "என்ன பிள்ளை, இப்பவும் ஞாயிறெல்லாம் உந்த விளையாட்டோடைதானோ?"

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. ஆனால் அது நான் சொல்லவேண்டிய இடம் இல்லை. அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

அவருக்குக் காது சிவந்துவிட்டது. "அம்மா, அவ எவ்வளவு நேரம் விளையாடுறா எண்டு உங்களுக்குச் சொன்னது நான்" என்றார். "அது பிழை. சொல்லியிருக்கக் கூடாது. இனி நீங்களும் கேக்காதேங்கோ. எனக்கும் இனித் தெரியாது."

மாமியின் முகம் ஒரு சாண் இறங்கிவிட்டது. சின்னத் தங்கைச்சிதான், "வடை ஆறுது, எடுங்கோவன்" என்றார். அப்பா இரண்டு எடுத்தார்.

பிறகு முற்றத்து மாமரத்துக்குக் கீழே மெஷினை நீட்டினேன். வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "நீரே காட்டும்" என்றார். ஒழுங்கை ஒழுங்கையாகக் காட்டினேன்.

"இது ஏன் இப்பிடித் திரும்புது?"

"அதிலை கிணறு."

"இது?"

"அதிலையும் கிணறு."

"நான் பதினாலைத் தூர்த்துப்போட்டன், என்ன?" என்றார். எண்ணி வைத்திருக்கிறார். நான் ஒருநாளும் அந்தக் கணக்கை அவருக்குச் சொன்னதில்லை.

வரும்போது பஸ்ஸில் அம்மா கேட்டார். "என்னடி, எழுத்து இருக்கோ, இல்லையோ?"

"இருக்கு."

ஆகஸ்ட் 29, வெள்ளி

கையெழுத்து வைத்தேன். சீலை கனத்தது. மாமி என்னோடு அளவாகக் கதைத்தார், நானும் அளவாகக் கதைத்தேன். போகப் போகச் சரிவரும். வராவிட்டாலும் சமாளிப்பேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அவர் போய்ப் பத்து நாள். பதிவுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை எல்லாம் நேற்று அனுப்பியாயிற்று. இனிக் கனடாக்காரர் கூப்பிடும்வரை இருக்கவேண்டியதுதான். அதுவரை பஸ், கந்தோர், மாடிப்படி.

காலையில் அம்மாவுக்குக் கைவலி என்பதால் பாரை மீனை நான் வெட்டினேன். மெஷின் குசினி மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பாதி வெட்டும்போது டிங் என்றது. அவரும் அந்தப் பக்கம் தன் கணக்கில் வெறும் நிலத்தில் புதிதாகத் தொடங்கியிருக்கிறார். மற்றவரின் ஊருக்குள் போவதென்றால் ஊர்க்காரர் விடவேண்டும். திரையில் எழுத்து: கஜீபன் உங்கள் ஊருக்குள் வர அனுமதி கேட்கிறார்.

"மாப்பிள்ளையெல்லே, கெதியாய்த் திறந்து விடு" என்றார் அம்மா.

மீனை வெட்டி முடித்து, கழுவி, மஞ்சள் பிரட்டி மூடி வைத்தேன். கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவித் துடைத்தேன். அவர் இன்னும் வாசலில்தான் நின்றார். ஓம் என்று அழுத்தினேன்.