ஒன்றரை மணி நேரத் தூரம்

அம்மா, புளிச்சோற்றுப் பையில் நீங்கள் போட்ட முடிச்சை அவிழ்ப்பதற்குள் ஐதராபாத் வந்துவிட்டது. நான் சுகம். உங்கள் வயிற்றுவலி எப்படி இருக்கிறது?

அப்பா போர்வெல் போடும் ரிக் லாரியில் இங்கே வர இரண்டு நாள் ஆகும் என்றுதானே அவ்வளவு சோறு கட்டினீர்கள்? சேலத்தில் விமானம் ஏறி, என்னை வேலைக்குக் கூட்டிவந்த மதுமதி அக்காவின் குழந்தையை மடியில் வைத்து மேகம் காட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று சக்கரம் தரையில் முட்டியது.

“ஏனுங்கக்கா, நடுவழியில எறக்கறாங்களா?” என்றேன்.

“ஊரே வந்தாச்சு சாமி! அறுநூறு கிலோமீட்டரு, ஒண்ணரை மணி நேரம். உங்கப்பன் லாரின்னு நெனச்சியா?” என்று அக்கா சிரித்தார்.

ரொம்பத் தூரம், உங்கள் ஆபரேசனுக்கு என்னை அனுப்ப முடியாது என்று இதே அக்காதானே சொன்னார்? நாமும் லாரி போகிற கணக்கை நினைத்துத் தலையாட்டிவிட்டோமே!

இங்கே ஏசி குளிர்கிறது. போர்த்திக்கொள்ள நீங்கள் கட்டிய பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அக்காவிடம் போனேன். “அம்மா ஆபரேசனுக்கு நான் ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்கக்கா” என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் சரிதா