பத்துப் பேருக்கு ஒரு பொம்மை

அனுப்புநர்:
யே. தேசப்பன்,
பிரஸ் மெஷின் தொழிலாளி,
நவதாரா தகர டப்பா தொழிற்சாலை,
காக்களூர், திருவள்ளூர் தாலுகா.

பெறுநர்:
உயர்திரு தொழிற்சாலை ஆய்வாளர் அவர்கள்,
செங்கற்பட்டு மாவட்டம்.

பொருள்: விபத்துப் படத்தில் விடுபட்ட என் இரண்டு விரல்கள் பற்றியும், மூன்றாம் எண் பிரஸ்ஸுக்குக் காப்பு மூடி கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஆடி மாதம் மூன்றாம் எண் பிரஸ்ஸில் டப்பா மூடி வெட்டும்போது என் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. விரலைத் தடுக்கும் காப்பு மூடி அதில் இல்லை. இருந்தால் வேலை மெதுவாகிறதென்று மேனேஜர் திரு. ஆதிநாராயணன் அவர்கள் கழற்றி வைத்துவிட்டார். இவ்வருடம் அதே மெஷினில் எனக்கு முன் மூவர் அடிபட்டுள்ளனர்.

2. விபத்துகளைப் படமாகக் காட்ட வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. பத்து விபத்துக்கு ஒரு மனிதப் பொம்மை வரைவது என்பது மேனேஜரின் ஏற்பாடு. சென்ற வருடம் பன்னிரண்டு விபத்து, ஒரு பொம்மை. மீதி இருவர் எங்கே போனார்கள் என்பது அவருக்கே வெளிச்சம். இவ்வருடம் நான்கு என்பதால் பொம்மையே இல்லை. நாங்கள் பொம்மையாக வேண்டுமானால் இன்னும் ஆறு பேர் அடிபட்டாக வேண்டும்.

3. புரட்டாசியில் சென்னையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். படத்தைப் பார்த்துத் தொழிலாளர்கள் என்ன புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாராம். கேட்ட எல்லோரும், "இந்த வருசம் ஆக்சிடென்ட் இல்லம்மா" என்றனர். படம் அதைத்தானே சொல்கிறது? "பாருங்க, எல்லாருக்கும் நல்லா புரியுது" என்று மேனேஜர் பூரித்தார். என் முறை வந்தபோது, "நான்தாம்மா ஆக்சிடென்ட்" என்று கையைக் காட்டினேன். அம்மையார் எழுதுவதை நிறுத்தினார். சாக்பீஸை என்னிடம் கொடுத்து, "நீங்களே வரைஞ்சு காட்டுங்க" என்றார்.

4. ஆளுக்கொரு பொம்மையாக நால்வரையும் வரைந்தேன். போன உறுப்பை மட்டும் விட்டுவிட்டேன். கட்டைவிரல் இழந்த செங்கம்மாள், "இன்னா தேசப்பா, எனுக்கு மூக்கே வெக்கல? அது போவலியே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்காவதாக என்னை வரைந்து, இடது கையில் மூன்று விரல் மட்டும் போட்டேன்.

5. என் விரல்கள் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட மறுநாள் அந்த மெஷினில் உட்கார்ந்தார்கள். நால்வரையும் வரிசையாகப் பார்த்த பிறகு ஒருவரும் உட்காரவில்லை. "இத்த பாத்துக்கினு எவன் குந்துவான்?" என்று உடன் வேலை செய்யும் அப்பாவு மேனேஜரிடமே கேட்டுவிட்டார்.

6. பலகை அன்றே அழிக்கப்பட்டது. அவதூறாகப் படம் வரைந்ததாக எனக்கு மெமோ கொடுத்து, பதினைந்து நாள் வெளியே நிறுத்திவிட்டார்கள். காப்பு மூடி இன்னும் மேனேஜர் அறை அலமாரியின் மேல்தான் இருக்கிறது.

ஆகவே, முன்கூட்டிக் கடிதம் எழுதாமல் தாங்கள் நேரில் வரவேண்டும். கடிதம் வந்தால் மூடியை மாட்டிவிட்டு, தாங்கள் போனதும் கழற்றிவிடுவார்கள். சென்ற திங்கட்கிழமை புதிதாகச் சேர்ந்த எல்லம்மா என்ற பெண்ணை இப்போது அந்த மெஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்காதவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பத்து விரலும் இருக்கும்போதே வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: காக்களூர்
நாள்: 4.11.1974

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்) யே. தேசப்பன்