ரீட்டா டீச்சரை வழியனுப்பிய வாரம்

டிசம்பர் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஹந்தானைப் பக்கம் மலையே தெரியவில்லை. வகுப்பு வாசலில் ஈரக் குடைகள் குவியலாக.

வெள்ளிக்கிழமை பள்ளியில் கிறிஸ்மஸ் ஒளிவிழா. செய்ய வேண்டியவை: தேவதூதர் சிறகுக்கு மினுக்குத்தாள். ஆடுகளுக்குப் பஞ்சு. இடையர்களுக்குப் பழைய துவாய், பிள்ளைகளிடமே கேட்கலாம். ஏரோதின் கிரீடம் எங்கே? போன வருடம் அலுமாரிக்கு மேல் வைத்த ஞாபகம். இல்லை.

அன்றே தரம் 1 ரீட்டா டீச்சரின் பிரியாவிடையும். வயது வந்துவிட்டது, ஓய்வு. யாழ்ப்பாணத்திலிருந்து இளம் வயதில் இந்தப் பள்ளிக்கு வந்தவர், இங்கேயே இருந்துவிட்டார். திருமணம் செய்யவில்லை. பள்ளிக்குப் பின்னால், பள்ளிக்கே சொந்தமான சின்ன அனெக்ஸ் வீட்டில் தனியாக. வேலை முடிந்தால் அதையும் விட வேண்டும். இந்தப் பள்ளியில் நான் மனம் விட்டுப் பேசுகிற ஒரே ஆள்.

இடைவேளையில் அதிபர் சிஸ்டர் கூப்பிட்டார். ஒரு கையில் டேப், மறு கையில் நட்சத்திரம்.

"ஜெயந்தி, ரீட்டா டீச்சர் அடுத்த வருஷமும் வாரத்தில கொஞ்ச நாள் வந்து தரம் ஒண்டைப் பார்ப்பாங்களா? நான் நேரா கேட்டா, மாட்டேன்னு சொல்லக் கூச்சப்படுவாங்க. உங்களோடதான் நல்லாப் பழகுறாங்க. மெதுவாக் கேட்டுப் பாருங்க."

"அவங்க ஊருக்குப் போற யோசனையிலதான் இருக்காங்க சிஸ்டர். அண்ணன் வீட்டுக்கு. அதுதான் அவங்களுக்கு ஆசை."

கேட்காமலே சொன்னேன். மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"அப்படியா. சரி, பாவம், போய் ஓய்வா இருக்கட்டும். அப்ப உங்க தங்கச்சியோட விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கிறேன்."

அண்ணன் கூப்பிடுகிறார் என்று டீச்சர் ஒருமுறை சொன்னது உண்மை. "அண்ணிக்குப் பிடிக்காது, போகேலாது" என்று அதே மூச்சில் சொன்னதும் உண்மை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. இரவுக்குப் பருப்பும் கருவாடும்.

டிசம்பர் 3, செவ்வாய்

மழை இல்லை. கிரீடம் கிடைத்தது. தண்ணீர்த் தாங்கிப் பக்கம், பூனை அதில் குட்டி போட்டிருந்தது. புதிதாக ஒன்று செய்ய வேண்டும்.

நான்காம், ஐந்தாம் தரப் பிள்ளைகளுக்கு நத்தாருக்கு முந்திய பாவசங்கீர்த்தனம். வரிசையைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டிருந்தார்கள். தள்ளுமுள்ளு. ஒருத்திக்குத் தான் செய்த பாவம் மறந்துவிட்டதாம், பக்கத்துப் பிள்ளையிடம் கடன் கேட்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை.

வரிசைக் கடைசியில் நின்ற பிள்ளை, "டீச்சர், நீங்க போகல்லையா?"

"நான் சைவம்மா. எங்களுக்கு இது இல்ல."

"அப்ப நீங்க யாருக்கிட்டச் சொல்வீங்க?"

சத்தம் போடாமல் நில் என்றேன். தேவையில்லாமல் அதட்டிவிட்டேன். முகம் சுருங்கிப் போனது.

பின்னேரம் ரீட்டா டீச்சரின் வகுப்பைக் கடந்து போனேன். கதவு திறந்திருந்தது. பிள்ளைகளை ஆட்டுக்குட்டிப் பாட்டுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். முழங்கால் வலியோடு அவரே குனிந்து ஆடு மாதிரி நடந்து காட்டினார். என்னைக் கண்டதும், "ஜெயந்தி, இவையளில பாதிப் பேர் ஆடு, பாதிப் பேர் குரங்கு" என்றார்.

பேராதனை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் முழங்காலுக்கு மருந்து எடுக்கிறவர். ஓய்வெடுப்பதுதானே நல்லது. இன்று முழுக்க இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 4, புதன்

செல்விக்கு வேலை கிடைத்துவிட்டது. சிஸ்டர் நேரே அவளுக்கே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். தரம் 1.

என் தங்கச்சி. டிப்ளோமா முடித்துவிட்டு ஹேவாஹெட்டையில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற அம்மாக்களின் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். நேர்முகத்துக்குப் போய்ப் போய் வெறுங்கையோடு திரும்பியவள். தொலைபேசியில் அவளால் பேசவே முடியவில்லை. "அக்கா, அக்கா" என்று மட்டும்.

நானும் அழுதேன். அது சந்தோஷம்தான். அதில் பொய் இல்லை.

பல்லேகலவிலிருந்து வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கோழி வாங்கி வந்தார். சாப்பிடும்போது, "ரீட்டா டீச்சர் போறது உங்க செல்விக்கு வழியாப் போச்சு" என்றார். ஒன்றும் தெரியாமல்தான் சொன்னார். எழுந்து கை கழுவப் போனேன்.

டிசம்பர் 6, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை. கை முழுக்கப் பசை.

ஒளிவிழா. நல்ல வெயில். மண்டபம் நிறையத் தாய்மார். கடைசி வரிசைக்காரர் எல்லோரும் கதிரையில் ஏறி நின்று படம் எடுத்தார்கள்.

தேவதூதன் சொல்ல வேண்டியதை மறந்து, "பயப்படாதீங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். மாதா அவனைப் பார்த்து, "போதும், போ" என்றாள். சூசையப்பரின் தாடி மைக்கில் சிக்கிக்கொண்டது. தரம் 1 ஆட்டுக்குட்டிகள் மேடையை விட்டு இறங்க மறுத்தன. ரீட்டா டீச்சர் முன்வரிசையில் இருந்து வாயசைத்து முழுப் பாட்டையும் பாடினார்.

ஐந்தாம் தரத்துக்கு விடை. எல்லாம் வேறு வேறு பள்ளிக்கூடங்களுக்குப் போகிறதுகள். சட்டை முதுகில் ஒருவருக்கொருவர் பேர் எழுதிக்கொண்டு, சிரித்துக்கொண்டே தொடங்கி, ஒருத்தி அழ, எல்லாம் அழுதுவிட்டன. போன மாதம் வரை கொம்பஸ் பெட்டிக்காக அடித்துக்கொண்ட இரண்டு பேர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பிரிக்க முடியவில்லை.

பிறகு டீச்சரின் பிரியாவிடை. மாலை. சேலை. சிஸ்டர் பேசினார். "எங்களுக்கெல்லாம் அவங்க இன்னும் கொஞ்சக் காலம் இருக்கணும்னுதான் விருப்பம். ஆனா, சொந்த ஊருக்குப் போய்ச் சொந்தங்களோட இருக்கணும்னு அவங்க ஆசைப்படுறாங்க. அந்த ஆசைக்கு நாங்க குறுக்க நிக்கக் கூடாது."

டீச்சர் தலையைத் திருப்பிச் சிஸ்டரைப் பார்த்தார். ஏதோ ஒரு பிழையான பேரைச் சொல்லிவிட்டார்கள் என்று திருத்தப் போகிறவர் மாதிரி. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவர் ஏற்புரைக்கு எழுந்தபோது கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. அதைப் பிரிக்கவே இல்லை. "எல்லாருக்கும் நன்றி. பிள்ளையளை நல்லாப் பாருங்கோ" என்றார். இருந்துவிட்டார்.

தேநீர் வேளையில், பட்டிஸ் தட்டோடு நின்ற என்னிடம் வந்தார். மாலை இன்னும் கழுத்தில்.

"நான் ஊருக்குப் போக ஆசைப்படுறன் எண்டு சிஸ்டருக்கு ஆர் சொன்னது?"

"தெரியல்ல டீச்சர்."

"ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் நிண்டிருப்பன் ஜெயந்தி. காலமையில வந்து, எழுத்துச் சொல்லிக் குடுத்திட்டுப் போயிருப்பன். எனக்கு அங்க என்ன இருக்கு?"

"கேக், கேக்" என்று ஒரு பிள்ளை என் சேலையை இழுத்தது. அந்தப் பிள்ளையோடு போய்விட்டேன்.

இரண்டாவது பொய். முதலாவதை அவசரத்தில் சொன்னேன் என்றாவது சொல்லலாம். இதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

டிசம்பர் 7, சனி

செல்வி வந்துவிட்டாள். டீச்சரின் சாமான் கட்ட உதவுகிறேன் என்று எப்போதோ சொல்லியிருந்தேன். தனியே போகப் பயம், அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அனெக்ஸில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போய்விட்டது. சுவரில் படங்கள் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக. டீச்சர் செல்வியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "நீர்தானே பிள்ளை என்ரை வகுப்புக்கு வாறது?" என்று கேட்டார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய பை ஒன்றை இழுத்தார். கைப்பொம்மைகள், துணியில் தைத்த எழுத்துகள், பட அட்டைகள். ஒவ்வொன்றையும் எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இதையெல்லாம் அங்க கொண்டுபோய் ஆருக்குக் காட்டுறது? நீர் வைச்சிரும்."

செல்வி சொன்னாள்: "நீங்க இருந்திருந்தா, நான் உங்களுக்கு உதவியாளா வந்திருந்தாலும் சந்தோஷந்தான் டீச்சர்."

"ஓம், அது நல்லா இருந்திருக்கும்" என்றார் அவர்.

நான் கண்ணாடிப் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒன்று கையிலிருந்து நழுவி உடைந்தது. "போகட்டும், சாமான் குறையும்" என்று சிரித்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் செல்வி அவரைப் பற்றியே பேசினாள். எவ்வளவு நல்ல மனுஷி அக்கா. எவ்வளவு நல்ல மனுஷி.

டிசம்பர் 8, ஞாயிறு

துணி தோய்த்தேன். காயவில்லை. கோயிலுக்குப் போனேன், கும்பிட வரவில்லை. வந்துவிட்டேன்.

நாளை சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் செல்வியின் வேலை என்னாகும்? சொல்லாவிட்டால் புதன்கிழமை டீச்சர் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிவிடுவார்.

டிசம்பர் 9, திங்கள்

சொன்னேன்.

சிஸ்டர் மண்டபத்தில் தோரணம் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை ஏணியிலிருந்து இறங்கவில்லை. பிறகு இறங்கி, கதிரை ஒன்றை இழுத்து உட்கார்ந்தார்.

"தங்கச்சிக்காகவா?"

"ஓம் சிஸ்டர்."

"என்னைக் கேட்டிருந்தா ரெண்டு பேருக்குமே இடம் பார்த்திருப்பேனே. டீச்சர் வந்தாலும் வாரத்தில கொஞ்ச நாள்தான். மிச்ச நாளுக்கு ஒரு ஆள் வேணும்தானே. அதையாவது யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. எனக்கு ஒரு கதிரைதான் தெரிந்தது.

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சிஸ்டர் கத்தவில்லை. "வாங்க, இப்பவே போவம். செல்வியோட வேலையில நான் கை வைக்க மாட்டேன், அவ என்ன செஞ்சா" என்று மட்டும் சொன்னார்.

டீச்சர் அப்போதுதான் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: தப்பு நடந்துவிட்டது, நானும் உங்களை நேரே கேட்டிருக்க வேண்டும், ஜனவரியில் வாங்க. தப்பு யாருடையது என்பதைச் சிஸ்டர் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

டீச்சர் துவாயை மடித்தார். கனநேரம் மடித்தார்.

"இல்லை சிஸ்டர். வழியனுப்பியாச்சு. பிள்ளையள் காலில விழுந்து கும்பிட்டதுகள். தாய்மார் அழுதிச்சினம். இனி ஜனவரியில எந்த முகத்தோட வந்து நிக்கிறது? இடமில்லாமல் திரும்பி வந்திட்டா எண்டு கதைப்பினம்."

"யாரும் அப்படிக் கதைக்க மாட்டாங்க டீச்சர்."

"நான் நினைப்பன்."

சிஸ்டர் இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வெளியே போனார். நான் வாசலில்.

"டீச்சர், என்னை..."

"இரும். ஒண்டு சொல்லுறன்." குரல் உயரவில்லை. "இதை எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சிஸ்டர் பிழையா விளங்கிக்கொண்டிட்டா எண்டு நினைச்சுக்கொண்டு போயிருப்பன். அது பெரிய விசயமில்லை. இப்ப உம்மையும் நினைச்சுக்கொண்டெல்லோ போகவேணும்."

"மன்னிச்சுக்கொள்ளுங்க டீச்சர்."

"பஸ்ஸுக்கு வர வேண்டாம்."

கதவைச் சாத்தினார். அடித்துச் சாத்தவில்லை.

சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறக்கி அவர் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

அறிக்கை அட்டைகளில் கையெழுத்து. எல்லாருக்கும் "நல்ல முன்னேற்றம்". மழை. மதியம் சாப்பிடவில்லை.

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "செல்விக்குத் தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். "அவகிட்ட நீயே சொல்லிடு. வேற யாரும் சொல்லிக் கேக்க விடாத."

டிசம்பர் 11, புதன்

தெளிவான வானம். செல்வி மட்டும் போனாள். எனக்குத் தலைவலி என்று சொல்லச் சொன்னேன். பிறகு கூப்பிட்டு, "ஒண்ணும் சொல்லாத" என்றேன். குழம்பிப் போய்ப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் வரும் வரை வீட்டைக் கூட்டினேன், திரும்பக் கூட்டினேன். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல்.

மதியத்துக்குச் சற்று முன் வந்தாள். குட்செட் பஸ் நிலையத்தில் பிள்ளைகளும் தாய்மாருமாக ஒரு கூட்டமே நின்றதாம். யாழ்ப்பாண பஸ்ஸின் சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தாராம். தரம் 1 பொடியன் ஒருவன் பஸ்ஸில் ஏறி டீச்சருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றானாம். டீச்சர் யன்னலால் எல்லாருக்கும் கை காட்டினாராம்.

"என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"இல்லக்கா." தட்டைக் கீழே வைத்தாள். "ஏன்க்கா, உங்க ரெண்டு பேருக்கும் என்ன?"

சொன்னேன். திங்கட்கிழமை சிஸ்டரிடம் சொன்ன மாதிரி ஒழுங்காக வரவில்லை. முன்னும் பின்னுமாக வந்தது. முடிந்ததும் கேட்டாள்:

"நான் கேட்டனாக்கா? இப்படி வாங்கித் தரச் சொல்லி நான் உங்ககிட்டக் கேட்டனா?"

"இல்ல."

"அவங்க எனக்கு எல்லாத்தையும் அள்ளித் தந்தாங்களே. நீங்க பக்கத்தில இருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க."

தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். வாழை மரத்தடியில் நின்று பேசினாள். யன்னலால் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அழுதாள் என்று நினைக்கிறேன். பிறகு தலையாட்டினாள், நிறையத் தடவை.

வந்து முகம் கழுவினாள். சோற்றை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டீச்சர்கிட்ட வேலைய விட்டிர்றேன்னு சொன்னேன். ஏசினாங்க. ஜனவரியில போய்ச் சேரச் சொன்னாங்க. ஞாயிற்றுக்கிழமைகள்ல போன் எடுக்கச் சொன்னாங்க, பிள்ளைகளப் பத்திச் சொல்லணுமாம். பஸ் தம்புள்ள கிட்ட வந்துட்டுதாம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லக்கா."

கறி ஆறிப்போயிருந்தது. சூடாக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.