பேட்ஜில் உங்கள் பெயர்

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

பொன்மலர் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுக்க நிற்காதீர்கள்.

கவலைப்படும் விஷயமில்லை, ஆனால் உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். இங்கே விரி நகரத்தில், நான் வேலை பார்க்கும் கிடங்கின் சூப்பர்வைசர் ஐரிஷ்காரர், ஓ'கானர். ஆயிரம் வருஷத்துக்கு முன் கானாக்ட் மாகாணத்தை ஆண்ட கானர் என்ற ராஜாவின் வம்சமாம். ‘ஓ’ என்றால் பேரனாம். சாப்பாட்டு நேரத்தில் என் பேட்ஜைப் பார்த்து, "பேச்சிமுத்து உங்க வம்சத்துப் பெயரா?" என்று கேட்டார்.

"ஆமா, எங்க ஊரை ஆண்ட ராஜா" என்று சொல்லிவிட்டேன்.

அது என் அப்பா பெயர் என்றால், அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அடுத்துக் கேட்பாரே என்ற பயம். அன்றிலிருந்து என்னை இளவரசி என்றே கூப்பிடுகிறார்.

நேற்று அவருடைய அப்பாவைப் பற்றிக் கேட்டேன். "முப்பது வருஷம் குப்பை வண்டி ஓட்டினாரு. தங்கமான மனுஷன்" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்பா.

வண்டியோடு நீங்கள் நிற்கும் போட்டோ ஒன்று அனுப்புங்கள். கல்யாணச் சட்டை வேண்டாம், வேலைச் சட்டையே போதும். அதை அவரிடம் காட்டும் தைரியம் எனக்கு வருமா, தெரியவில்லை. ஆனாலும் அனுப்புங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
பே. பொன்மலர்