கரையேற்றினீர்

என் செல்லத் தம்பி யூட்டுக்கு,

நீ இல்லாமலும் கோயிலில் பாட்டு நடக்கிறது. பாடகர் குழுவை இப்போது நான்தான் பார்க்கிறேன். வேறு ஆளில்லை என்று பங்குச் சுவாமியார் என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு அதில் சந்தோஷமும் இல்லை, கவலையும் இல்லை. நான் எப்போது அழுவேன் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அழுகை வரவில்லையடா, நான் என்ன செய்ய?

ஆமிக்காரர் தடை போட்டு, ரேடியோவுக்குப் போடுகிற பற்றறியை இன்னும் ஊருக்குள் வரவிடுகிறார்கள் இல்லை. புதுப்பாட்டுக் கசெற் கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் கேட்கவேண்டும். சுற்றுகிறவருக்குக் களைத்தால் பாடுகிறவருக்கும் களைத்துவிடும். நீ சுற்றச் சுற்ற நாங்கள் இழுத்து இழுத்துப் பழகிய காணிக்கைப் பாட்டு நினைவிருக்கிறதா? கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, அது கைதட்டிப் பாடுகிற வேகப்பாட்டு என்றார். நீ சைக்கிளை நிமிர்த்தப் போய்விட்டாய். இன்றைக்கும் அதை இழுத்துத்தான் பாடுகிறோம், சனத்துக்கு அப்படியே பழகிவிட்டது.

இந்தியாவிலிருந்து வருகிற பாட்டுகளில் சொல் மாற்றுவது உன் வேலை. ஆவியானவரே தென்றலாய் வாரும் என்று ஒன்று வந்தபோது, "எங்கடை கரைக்குத் தென்றல் எப்ப வந்தது?" என்று கேட்டு, வாடையாய் வாரும் என்று எழுதினாய். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பின்வரிசை வாங்கில் இருந்த ஒரு கிழவர் உன்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வாடையை வா எண்டு கூப்பிடாதை. அது கூப்பிடாமலே வந்து வள்ளத்தைக் கவிட்டுப்போடும்." கடைசியில் வெறும் காற்றாய் வாரும் என்று பாடினோம். நீ ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கார்த்திகையில் இறந்தோர் பூசை வருகிறது. அதில் பங்கில் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். உன் பெயரை இதுவரை வாசிக்கவில்லை. அம்மா விடவில்லை. "கடலுக்குப் போனவன் இன்னும் வரேல்லை, அவ்வளவுதான். பேர் வாசிக்க அவன் என்ன செத்தவனோ?" என்று சுவாமியாரின் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டா. நீ போன அன்று இரவு கடல்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அம்மா விடியற்காலையில் செபமாலையை முடித்துக்கொண்டு கரைக்குப் போய் நிற்பா. வெயில் ஏறிய பிறகுதான் வீட்டுக்கு வருவா. என்ன சொல்லி மறிப்பது? நானும் மறிக்கவில்லை.

அந்தப் பூசைக்கென்று சுவாமியார் ஒரு புதுப்பாட்டுக் கொண்டுவந்தார். நல்ல மெட்டு. "அலைகள் நடுவே கை பிடித்தீர், ஆண்டவா என்னைக் கரையேற்றினீர்" என்று வரும். முதல்நாள் பழகும்போது அந்த இடத்தில் றெஜினாக்கா வாயை மூடிக்கொண்டா. உன்னோடு அதே வள்ளத்தில் போன அவவுடைய மனுசனும் வரவில்லை, தெரியும்தானே. அவவைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஆர்மோனியம் மட்டும் கேட்டது. ஆர் கரையேறினது, ஆரைக் கரையேற்றினது? இந்தக் கோயிலில் நின்று இதை எப்படிப் பாடுவது?

அதனால் உன் வேலையை நான் செய்தேன். கரையேற்றுவீர் என்று மாற்றினேன். இரண்டே இரண்டு எழுத்துத்தான். மெட்டிலும் சரியாக உட்கார்ந்தது. றெஜினாக்காவும் பாடினா. நீ இருந்தால் மெச்சியிருப்பாய் என்று நினைத்தேன்.

பின்னேரம் அம்மாவும் நானும் குசினியில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். நான் அதையே வாய்க்குள் முணுமுணுத்திருக்கிறேன் போல.

"உது புதுப்பாட்டோ?" என்று அம்மா கேட்டா.

"ஓமம்மா. ஒரு சொல்லு மாத்தினனான். முதல் கரையேற்றினீர் எண்டு இருந்தது."

"ஏன் மாத்தினனி?"

"சனத்துக்குப் பாட ஏலாமல் கிடந்தது."

அம்மா கையிலிருந்த கிழங்கை உரித்து முடித்துத் தண்ணீருக்குள் போட்டா. "ஏற்றுவீர், ஏற்றுவீர் எண்டு பாடினால் நான் இன்னும் எவ்வளவு காலம் கரையிலை போய் நிக்கிறது, பிள்ளை? எனக்கு ஏலாது. அவனை ஏத்திப்போட்டார் எண்டு பாடு."

அம்மா அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டு, "சுவாமியிட்டை அவன்ரை பேரையும் குடு," என்றா. அதற்குப் பிறகு கிழங்குக்கு உப்புப் போதுமா என்று கேட்டா. போதும் என்றேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. கை தன்பாட்டுக்கு உரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிய அம்மா கரைக்குப் போகவில்லை. முற்றத்தைக் கூட்டினா. நான் சுவாமியாரிடம் போய் உன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன். குழுவிடம் பழைய சொல்லையே பாடுவோம் என்றேன். "ஆர் சொன்னது?" என்று றெஜினாக்கா கேட்டா. அம்மா சொன்னா என்றேன். பாட்டை எடுத்தோம். அந்த இடம் வந்தபோது றெஜினாக்கா முதலில் பாடினா, மெல்லத்தான்.

தம்பி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பூசையில் உன் பெயரை நானே வாசிப்பேன். வாசித்துவிட்டு அந்தப் பாட்டை நானே எடுப்பேன். கரையேற்றினீர் என்ற இடத்தில் என் வாய் மூடாது. அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பாடுவேன். இழுத்துத்தான் பாடுவோம், கோவிக்காதே.

இப்படிக்கு,
அம்மாவுக்கு ஒரே பிள்ளையாகிவிட்ட
உன் அக்கா